சுண்ணாம்புக்குப் பின் மூன்று வாரம்

இலை ஊதாவாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. மெல்பர்ன் குளிர்காலம். பசுமைக்குடிலுக்குள் சூடேற்றி ஓடிக்கொண்டிருந்ததால், கதவைத் திறந்து உள்ளே நுழைந்ததும் என் மூக்குக்கண்ணாடி பனித்துவிட்டது. கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். அப்போதும் ஊதாதான்.

மேசையில் நாற்பது தொட்டிகள். எல்லாவற்றிலும் சிவப்பு மண், ஒவ்வொன்றிலும் மூன்று மக்காச்சோளக் கன்று. சுண்ணாம்பே போடாத தொட்டிகளில் கன்றுகள் குட்டையாகச் சுருண்டு நின்றன. அவை அப்படித்தான் நிற்க வேண்டும். சுண்ணாம்பும் உரமும் போட்ட தொட்டிகள்தான் கரும்பச்சையாகத் தளதளவென்று நிற்க வேண்டியவை. அவற்றில்தான் நுனியில் தொடங்கி இரு விளிம்பும் வழியாக ஊதா இறங்கியிருந்தது. எட்டாம் நம்பர் தொட்டி எல்லாவற்றிலும் மோசம்.

மக்காச்சோளம் ஊதாவானால் மணிச்சத்து கிடைக்கவில்லை என்று அர்த்தம். பாஸ்பரஸைத்தான் நம் வேளாண் புத்தகங்கள் மணிச்சத்து என்று சொல்லும். குளிரிலும் அப்படி ஆகும். ஆனால் அங்கே குளிர் இல்லை. அந்தத் தொட்டிகளில் மணிச்சத்தைப் போட்டவன் நான். கையால் அள்ளி, எடை பார்த்துப் போட்டேன். ஏன் கிடைக்கவில்லை என்பது உலகத்திலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று வாரமாகப் பத்திரிகையில் இந்தத் தொடர் வரவில்லை. ஆசிரியர் கோபமாக இருக்கிறார், அவர் கோபம் நியாயமானது. "உடல்நலக் குறைவு" என்று அவர் பெருந்தன்மையாக ஒரு வரி போட்டுச் சமாளித்தார். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. இந்த அத்தியாயம் மூன்று வாரத்துக்கு முன்பே எழுதி முடிந்துவிட்டது. ஏன் அனுப்பவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கிடங்கும் குடிலும்

மெல்பர்னை ஒட்டிய டண்டினொங்கில், கிடங்கு ஒன்றில் அட்டைப்பெட்டி அடுக்கிய கதையைச் சென்ற அத்தியாயத்தில் எழுதியிருந்தேன். ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "மண்ணியல் படித்து, நீலகிரியில் பத்து வருடம் விவசாயிகளுக்கு ஆலோசனை சொன்ன நீங்கள், ஏன் ஐயா பெட்டி தூக்கினீர்கள்?" ஐயா, வந்த புதிதில் நானும் அதையேதான் கேட்டுக்கொண்டேன்.

பெட்டி தூக்கியது வாரத்தில் ஐந்து நாள். சனி, ஞாயிறு மட்டும் ஓர் ஆய்வுக்கூடத்தின் பசுமைக்குடிலில் வேலை கிடைத்தது. தொட்டிக்குத் தண்ணீர் விடுவது, மண் சலிப்பது, எடை போடுவது. வேலையின் பெயர் கேஷுவல் டெக்னீஷியன், அதாவது தற்காலிக உதவியாள். கோயம்புத்தூரில் இருந்த என் மனைவி கீதாவிடம் நான் சொன்ன பெயர் சயின்டிஸ்ட்.

அது பொய் என்று சொன்னபோது தோன்றவில்லை. கொஞ்சம் முன்கூட்டிச் சொல்கிறோம், அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஏனென்றால் அந்தக் குடிலின் தலைவி ஹெலன் எனக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். இந்த நாற்பது தொட்டிப் பரிசோதனை நல்லபடியாக முடிந்தால் எனக்கு முழுநேர வேலை. அந்த வேலை கிடைத்தால் கீதா தன் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவாள். நான் வந்தது முதல் எங்கள் திட்டம் அதுதான். அந்தத் தொட்டிகளின் கணக்கு ஒழுங்காக முடிந்தால் என் வீட்டில் இன்னொரு ஆள் இருப்பார். எனக்கு அந்தப் பரிசோதனையின் பொருள் அதுதான்.

வீடு என்றால் ஓர் அறை. ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுத் தகரச் சுவர். வாரநாளில் கிடங்கில் என்னோடு பேசியது கையில் கட்டியிருந்த ஸ்கேனர் மட்டும்தான். "அடுத்த வரிசை, அடுத்த வரிசை" என்று அது சொல்லும். ஒரு வெள்ளிக்கிழமை, கடையில் பில் போடும் பெண் "ஹவ் ஆர் யூ" என்றபோது, அன்று முழுக்க நான் வாயே திறக்கவில்லை என்பது என் குரலைக் கேட்டுத்தான் எனக்குத் தெரிந்தது. கரகரவென்று வந்தது. எனக்குத் தனிமையாக இருந்தது. இதை அலங்கரித்துச் சொல்ல ஒன்றுமில்லை.

கீதாவோடு தினமும் பேசுவேன். ஐந்து நிமிடம்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சுங்க. என்ன சமையல்?"

"சாம்பார்."

பெரும்பாலும் பிரெட்தான். ஆனாலும் சாம்பார் என்பேன். அவள் பள்ளியில் நோட்டீஸ் கொடுத்துவிட்டதாகவும், இந்தப் பருவம் முடிந்ததும் விடுவித்துவிடுவார்கள் என்றும் சொல்லியிருந்தாள். சரி என்பேன். வைத்துவிடுவோம்.

இருக்கிறது, கிடைக்காது

இனி மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அஞ்ச வேண்டாம், சுருக்கமாக முடித்துவிடுகிறேன். இப்போது நான் இருக்கும் சிட்னியில், கெல்லிவில் நண்பர்கள் வீட்டு விருந்துகளில் இதை விரிவாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். புல்தரைக்கு என்ன உரம் போடலாம் என்று கேட்பார்கள். முதலில் மண்ணைப் பரிசோதியுங்கள் என்று ஆரம்பிப்பேன். அடுத்த விருந்துக்குக் கூப்பிட மாட்டார்கள்.

மழை கொட்டுகிற வெப்பநாட்டு மலைகளில் மண் சிவப்பாக, புளிப்பாக இருக்கும். இரும்பும் அலுமினியமும் அதில் அதிகம். நீங்கள் போடும் மணிச்சத்தை அவை பிடித்துக்கொள்ளும். மொத்தக் கணக்குப் பார்த்தால் மண்ணில் மணிச்சத்து நிறைய இருக்கும், செடிக்கு மட்டும் கிடைக்காது. போதாததற்கு அந்த அலுமினியம் வேர் நுனியையும் கருக்கிவிடும். தேடிப் போகவும் வேர் இல்லாமல் போகும்.

இதற்கு மருந்து சுண்ணாம்புக்கல் தூள். அது புளிப்பைக் குறைக்கும், அலுமினியத்தை அடக்கும், வேர் ஓடும், பிடி தளரும். ஆனால் அளவு மீறினால் சுண்ணாம்பே மணிச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். அளவு சரியாக இருந்தாலும் பொறுமை வேண்டும். சுண்ணாம்பு போட்ட புதிதில் மண்ணுக்குள் அலுமினியம் பால் திரிவதுபோலத் திரியும். புதிதாகத் திரிந்தது எதையும் விடாது. அந்த நேரத்தில் உரத்தைக் கொட்டினால் அப்படியே விழுங்கிவிடும். அதனால் சுண்ணாம்பைக் கலந்து, நனைத்து, மூன்று வாரம் விட்டு, ஒருமுறை காயவும் விட்டு, பிறகுதான் உரம்.

குடிலில் இருந்த மண் பசிபிக் தீவு ஒன்றின் மலைச்சரிவிலிருந்து டிரம்களில் வந்தது. அங்கே மக்காச்சோளம் போடும் ஜனங்கள் சுண்ணாம்புக்குச் செலவழிக்கலாமா, வேண்டாமா என்பதை இந்த நாற்பது தொட்டிகள் சொல்ல வேண்டும். வெளிநாட்டு மண் என்பதால் ஒரு சிட்டிகைகூட வெளியே போகக் கூடாது. வேலை முடிந்த மண்ணை நீராவியில் வேகவைத்துத்தான் கொட்டுவார்கள். அப்படி வேகும்போது ஒரு வாசனை வரும். "அவிச்ச பனங்கிழங்கு மணக்குது" என்பார் மலர்.

மலர் யாழ்ப்பாணத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். அந்த ஆய்வுக்கூடத்தில் பல வருடமாக நிரந்தர வேலையில் இருந்தார். கண்ணாடிக் குடுவை கழுவுவதிலிருந்து கருவி பழுது பார்ப்பது வரை எல்லாம் அவர்தான். வார இறுதியில் பக்கத்து மேசைச் செடிகளுக்குத் தண்ணீர் விட வருவார். சுண்ணாம்பு மூட்டையைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு. "எங்கட ஊரிலை நிலத்துக்குக் கீழை முழுக்கச் சுண்ணாம்புக்கல்தான். நீங்கள் என்னெண்டால் அதைக் காசு குடுத்து வாங்கிப் போடுறியள்."

லாரி வராத வாரம்

நீலகிரியில் உருளைக்கிழங்குக்குச் சுண்ணாம்பு போடச் சொல்லித் தோட்டம் தோட்டமாக அலைந்தவன் நான். போடுவார்கள். ஆனால் காலையில் சுண்ணாம்பு, மாலையில் உரம், ஒரே நாளில் முடித்துவிடுவார்கள். ஆட்கள் வண்டி ஏறி வருவது ஒரு நாள்தான். மறுபடி அவர்களைப் பிடிக்க முடியாது. நானும் சொல்லிச் சொல்லிச் சலித்து விட்டுவிட்டேன்.

கோத்தகிரிப் பக்கம் நஞ்சன் என்று ஒருவர். ஒரு வருடம் அவர் சுண்ணாம்பு போட்ட அன்று உர லாரி வரவில்லை. மலைப்பாதையில் மண் சரிந்து ரோடு அடைத்துக்கொண்டது. மூன்று வாரம் கழித்துத்தான் லாரி வந்தது. அதுவரை என்னைப் பார்த்த இடத்திலெல்லாம் திட்டினார், ரோட்டை நான்தான் சரித்ததுபோல. அந்தப் பருவத்தில் சுற்றுவட்டாரத்திலேயே அவர் தோட்டம்தான் நன்றாக வந்தது. வருடக்கணக்காகக் கொட்டிய உரம் மண்ணுக்குள்ளேயே கிடந்திருக்கிறது. இப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கையை விட்டது.

"ஏன் சார் இதை முன்னாடியே சொல்லல?" என்றார் நஞ்சன். ஐந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கிழங்கு நன்றாக இருந்ததால் சண்டை போடவில்லை.

ஆக, தெரியாமல் செய்தேன் என்று சொல்லும் வழியும் எனக்கு இல்லை.

கையெழுத்து

நடந்தது இதுதான்.

சுண்ணாம்பு கலக்க வேண்டிய சனிக்கிழமை, கிடங்கில் ஷிஃப்ட் போட்டுவிட்டார்கள். மாட்டேன் என்றால் அடுத்த வாரம் கூப்பிட மாட்டார்கள். சரி, அடுத்த சனி கலக்கலாம் என்று விட்டேன். அடுத்த சனியும் ஷிஃப்ட். ஞாயிறு எனக்குக் குடிலில் அரை நாள்தான். நாற்பது தொட்டி மண்ணைக் கவிழ்த்து, கலந்து, நிரப்ப ஒரு முழு நாள் வேண்டும். ஹெலன் இரண்டு மாதத்துக்கு அந்தத் தீவுக்குப் போயிருந்தார். கேட்க ஆளில்லை. மூன்றாவது சனியும் போயிற்று.

நாலாவது சனிக்கிழமை எனக்கு ஷிஃப்ட் இல்லை. குடிலின் அட்டவணைப்படி அது உரம் போட்டு விதை ஊன்ற வேண்டிய நாள். காலையில் சுண்ணாம்பு, மதியம் சூப்பர் பாஸ்பேட் என்ற மணிச்சத்து உரம், சாயங்காலம் விதை. எந்த வேலையைப் பத்து வருடம் திட்டினேனோ அதையே, இரண்டு வேலை பார்க்கிறவனுக்கே உரிய அவசரத்தோடு, நானே செய்தேன்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பதிவு நோட்டில் சுண்ணாம்பு போட்ட தேதியை மூன்று வாரம் முந்தி எழுதினேன்.

அந்த நோட்டில் ஒவ்வொரு வரிக்கும் இரண்டாம் ஆள் ஒருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். மலர் தண்ணீர்க் குழாயோடு போய்க்கொண்டிருந்தார். "ஒரு கையெழுத்து விட்டுப்போச்சுங்க" என்றேன். ஒரு கையில் குழாயைப் பிடித்தபடி மறு கையால் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போது அந்த ஊதா இலைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். யாருக்கும் தெரியாது. ஹெலன் மறுநாள் தீவிலிருந்து வருவார், தொட்டிகளைப் பார்ப்பார், இந்த மண்ணில் சுண்ணாம்பு போட்டால் மணிச்சத்து கட்டிப்போகிறது என்று எழுதுவார். மலைச்சரிவு ஜனங்கள் சுண்ணாம்பு வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள். முடிவு எதுவானாலும் பரிசோதனை முடிந்ததாகிவிடும், எனக்கு முழுநேர வேலை கிடைக்கும். கீதா வருவாள்.

மலர் உள்ளே வந்தார். நான் உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்தார், பிறகு தொட்டிகளைப் பார்த்தார்.

"என்ன, வருத்தமே? முகம் சரியில்லை."

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். தேதி பொய் என்றும், அதன் பக்கத்தில் இருப்பது அவர் கையெழுத்து என்றும்.

மலர் குழாயைக் கீழே வைத்தார்.

"நான் உங்களை நம்பித்தான் வைச்சனான்."

"தெரியுங்க."

"உங்களுக்கு இது ஒரு வேலை. எனக்கு இருக்கிறதே இது ஒண்டுதான்."

"அதனாலதான் கேக்கறேன். நான் ஹெலன்கிட்ட சொன்னா உங்களுக்கும் பிரச்சினை வரும். நீங்க வேண்டாம்னா..."

"வேண்டாமெண்டால் விட்டிடுவியளோ?"

விட்டுவிடலாம் என்ற ஆசை அந்த நிமிடம் எனக்கு இருந்தது. அவர் வேண்டாம் என்று சொன்னால் பழி பாதி அவர் மேல் போகும் என்றும் ஒரு கணக்கு உள்ளே ஓடியது. நான் அப்படிப்பட்ட ஆள்தான் அன்றைக்கு.

"இதை என்ரை தலையிலை கட்டாதேங்கோ," என்றார் மலர். "வாசிக்காமல் கையெழுத்து வைச்சது என்ரை பிழை. அதை நான் சொல்லுவன். உங்கட பிழையை நீங்கள் போய்ச் சொல்லுங்கோ." குழாயை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வேர்

மறுநாள் கிடங்குக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். ஹெலன் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். சத்தம் போடவில்லை. எழுந்து குடிலுக்கு வந்து, எட்டாம் நம்பர் தொட்டியைத் தூக்கி, மேசையில் பிளாஸ்டிக் தாளை விரித்து, கவிழ்த்துத் தட்டினார். மண் கட்டியாக வந்தது. அதை விரலால் உதிர்த்தார்.

வேர் வெள்ளையாக இருந்தது. நன்றாகக் கிளை விட்டு, தொட்டியின் அடிவரை ஓடித் திரும்பி வந்திருந்தது. ஒரு நுனிகூடக் கருகவில்லை.

"பார்," என்றார் ஹெலன். "சுண்ணாம்பு தன் வேலையைச் செய்திருக்கிறது. வேர் எல்லா இடத்திலும் தேடியிருக்கிறது. பக்கத்திலேயே சாப்பாடு இருந்தும் பட்டினி கிடந்திருக்கிறது."

நாற்பது தாண்டிய ஆண், சுற்றிலும் மக்காச்சோளம், எதிரே மேலதிகாரி. அழுதேன். அவர் வேரையே பார்த்துக்கொண்டிருந்தார். அது எனக்குச் செய்த மரியாதை.

தீர்ப்பு அன்றைக்கே வந்தது. நாற்பது தொட்டியும் வேகவைத்துக் கொட்டப்படும். டிரம்மில் மிச்சமிருக்கும் மண்ணில் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். முழுநேர வேலை இனி இல்லை. விருப்பமிருந்தால் இந்த மறு பரிசோதனை முடியும்வரை வார இறுதியில் வரலாம், ஒவ்வொரு வேலையையும் போட்டோ எடுத்து வைக்க வேண்டும். மலருக்கு எச்சரிக்கைக் கடிதம். அத்தனை வருடத்தில் அவருக்கு வந்த முதல் கடிதம் அது. இன்றைக்கும் எனக்கு உறுத்துவது அதுதான்.

அந்தக் கூப்பிடல்

அறைக்குத் திரும்பும் வழியில் டண்டினொங் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து கீதாவைக் கூப்பிட்டேன். கோயம்புத்தூரில் அப்போது மதியச் சாப்பாட்டு நேரம். பின்னணியில் பிள்ளைகள் சத்தம்.

"என்னங்க இந்த நேரத்துல? ஒடம்புக்கு ஏதாச்சுமா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. ஒரு விஷயம் சொல்லணும்."

சயின்டிஸ்ட் இல்லை, தண்ணீர் விடுகிறவன் என்பதில் தொடங்கினேன். கிடங்கு, ஷிஃப்ட், சுண்ணாம்பு, பொய்த் தேதி, மலர், எட்டாம் தொட்டி. சாம்பாரையும் சொன்னேன். இடையில் இரண்டு ரயில் போயிற்று. நான் ஏற வேண்டிய ரயிலும் அதில் ஒன்று.

"லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்." பிறகு மெதுவாகச் சொன்னாள். "நானும் ஒண்ணு சொல்லணும். நான் நோட்டீஸே குடுக்கலைங்க."

"என்ன?"

"குடுக்கல. குடுத்துட்டேன்னு சும்மா சொன்னேன். நீங்க நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு சொல்லச் சொல்ல எனக்குப் பயமா இருந்துது. தெனம் சாம்பாருன்னா யாரு நம்புவா? எதை நம்பி நான் வேலைய விட்டுட்டு வர்றது? அதக் கேட்டா நீங்க ஒடஞ்சு போயிருவீங்களோன்னு கேக்கவும் இல்ல."

பள்ளி மணி அடித்தது எனக்குக் கேட்டது. "கிளாஸ் இல்லையா?" என்றேன்.

"இருக்குது. பக்கத்து மிஸ்ஸைப் பாத்துக்கச் சொல்லிட்டேன். நீங்க சொல்லுங்க. மூணு வாரம் எதுக்கு விடணும்? அதுக்குள்ள மண்ணுக்குள்ள என்ன நடக்கும்?"

கல்யாணம் ஆகிப் பதினோரு வருடத்தில் என் மண்ணைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது. ஒரு மணி நேரம் பேசினோம். வைத்த பிறகு பிளாட்பாரத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். வேலை போயிற்று, அவள் வரப்போவதில்லை. மெல்பர்ன் வந்த பிறகு அன்று இரவு உணவுக்கு முதன்முறையாக நிஜமாகவே சாம்பார் வைத்தேன்.

வாசித்துவிட்டு

சுண்ணாம்பு கலந்தோம், நனைத்தோம், விட்டோம். கிடங்கில் சனிக்கிழமை வர முடியாது என்று சொன்னேன். அவர்கள் கூப்பிடுவதைக் குறைத்தார்கள். அந்த மூன்று வாரமும் மலர் என்னிடம் பேசவில்லை. கேட்டால் ஓம், இல்லை. அவ்வளவுதான்.

உரம் போட்ட சனிக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன். வாங்கினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதல் வரியிலிருந்து வாய்விட்டு வாசித்தார். தேதி, தொட்டி எண், எடை. ஒவ்வொன்றுக்கும் தொட்டியை எட்டிப் பார்த்தார். நாற்பது வரி. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

கடைசியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "இப்ப சரி," என்றார். "தேத்தண்ணி குடிக்கப் போறன். உங்களுக்கும் போடட்டே?"

"ஆமாங்க" என்றேன். அவசரத்தில் தலையையும் ஆட்டினேன்.

கன்றுகள் ஏழாவது இலை விட்டபோது எட்டாம் நம்பர் தொட்டியைப் படமெடுத்துக் கீதாவுக்கு அனுப்பினேன். கரும்பச்சை. உரத்தின் அளவு அதேதான், சுண்ணாம்பின் அளவும் அதேதான். இடையில் மூன்று வாரம் விட்டது மட்டும்தான் வித்தியாசம்.

பதில் வர இரண்டு நாள் ஆயிற்று. அதுவும் ஒரு படம். கோடு போட்ட தாளில் ராஜினாமாக் கடிதம், அவள் கையெழுத்துடன். தேதி போடும் இடம் காலியாக இருந்தது. கீழே எழுதியிருந்தாள்: "எழுதிட்டேன். தேதி இப்ப போடல. அவசரப்படுத்தாதீங்க."

நான் அவசரப்படுத்தவில்லை. அது நடந்து சில வருடங்கள் ஆகின்றன. மறு பரிசோதனை முடிந்ததும் மெல்பர்னை விட்டேன். இப்போது சிட்னியில், வெஸ்ட்மீட்டில் ஒரு சின்ன பிளாட்டில் இருக்கிறேன். மண் பரிசோதனைக் கூடம் ஒன்றில் நிரந்தர வேலை. கீதா ஒவ்வொரு மே மாத விடுமுறைக்கும் வருவாள், போவாள். அவள் போன பிறகு வரும் முதல் வாரம் மிகவும் கஷ்டம். இரண்டு தம்ளர் எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைப்பேன். தினமும் பேசுகிறோம், ஒரு மணி நேரம். கடிதத்தைப் பற்றி நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

மூன்று வாரத்துக்கு முன், இந்த அத்தியாயத்தை எழுதி முடித்து, அச்சுக்கு அனுப்பலாமா என்று கேட்டு அவளுக்கு அனுப்பினேன். படித்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"லெட்டர் விஷயம் எல்லாம் எழுதியிருக்கீங்க."

"வேண்டாம்னா எடுத்துடறேன்."

"எடுக்க வேண்டாம். தேதி போடலைன்னு முடிச்சிருக்கீங்களே, அதான் யோசிக்கறேன்." பிறகு சொன்னாள்: "ஒரு மூணு வாரம் கழிச்சு அனுப்புங்க."

ஏன் என்று கேட்கவில்லை. ஆசிரியரின் மின்னஞ்சல்களுக்கும் பதில் போடவில்லை.

நேற்று ஒரு படம் வந்தது. அதே கோடு போட்ட தாள், மடிப்பில் கொஞ்சம் பழுத்திருந்தது. கையெழுத்துக்குப் பக்கத்தில், வேறு நிற மையில், தேதி. நேற்றைய தேதி.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து வாய்விட்டு வாசித்தேன்.